ரெண்டு கடை பார்த்து வாங்கிய ரேடியம் பேன்ட்

ஆண்டவன் படைத்த மனிதர்களில் ‘ரெண்டு கடை பார்க்கிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் ஏதாவது ஒரு கடைக்குள் நுழையுங்கள். யாரைக் கண்டதும் முதலாளி கல்லாப்பெட்டி மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறாரோ, அவர்தான். குடை வாங்கப் போனால் விரிப்பார், மடக்குவார், கம்பியை எண்ணுவார், துணியை முகர்ந்து பார்ப்பார், காதருகே வைத்து உதறிக் கேட்பார். குடை என்ன பதில் சொல்லுமென்று நினைக்கிறாரோ! கடைசியில் ரொம்ப மரியாதையாக, “நல்லாத்தான் கீது, ரெண்டு கடை பாத்துட்டு வரேன்” என்று கிளம்புவார். அவருடைய ரெண்டு, நமக்குத் தெரிந்த ரெண்டு அல்ல. அதற்குள் இருபது அடங்கும்.

கொருக்குப்பேட்டை சௌக்கத் அலிதான் இந்த இனத்துக்குத் தலைவர். போட்டியில்லாத தலைவர். தேர்தல் வைத்தால் அந்த இனமே, ரெண்டு வேட்பாளரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போய்விடும், திரும்பி வராது. இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? பெற்றவர்கள் அவரைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள். வாழ்க்கையில் அவரைக் கேட்காமல் நடந்த காரியம் அது ஒன்றுதான். நன்றாக அமைந்ததும் அது ஒன்றுதான்.

அந்த நல்ல காரியத்தின் பெயர் அஜீசுன்னிசா.

சௌக்கத் அலிக்கு மணலியில், டேங்கர் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. தினமும் சைக்கிளில்தான் போவார். பஸ் உண்டு, ஷேர் ஆட்டோ உண்டு. ஆனால் பெடலை மிதித்துக்கொண்டே வாய்க்குள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதிக்கொண்டு போகிற அந்த முக்கால் மணி நேரம் அவருக்கு ஜன்னத், பூலோக சொர்க்கம். வழியில் லாரிக்காரர்கள் அடிக்கிற ஹார்னெல்லாம் கூட அவர் காதுக்கு ஆமீன் என்றுதான் கேட்கும். பேன்ட்டைக் கணுக்கால் கரண்டைக்கு மேலே ரெண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வார். தொழுகைக்கு அதுதான் முறை, சைக்கிள் செயினுக்கும் அதுதான் தோது. இம்மையையும் மறுமையையும் ஒரே மடிப்பில் முடித்துக்கொண்ட மனிதர்.

போன வருஷம் அடைமழையில், மங்கலான சாயங்காலத்தில், ஒரு டிரெய்லர் லாரி அவரை உரசுகிற மாதிரி வந்தது. மனிதர் ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் ரோடு இல்லை, கால்வாய் இருந்தது. கருப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் வந்து நின்று, “துணியெல்லாம் கலீஜாப் பூட்ச்சே, மஃரிபு தொழணுமே” என்று வருத்தப்பட்டார். அஜீசுன்னிசாவின் வருத்தம் வேறே.

“துணிய தொவச்சிக்கலாம். லாரிக்காரன் உங்கள பாக்கவே இல்லியே, அதுக்கு இன்னா சொல்றீங்க?” என்றாள். “அடுத்த மழைக்குள்ள தண்ணி பூராத ரேடியம் பேன்ட்டு ஒண்ணு வாங்கிடுங்க. மொத மழ அன்னிக்கி நான் ரயில்வே கேட்டாண்ட வந்து நிப்பேன். தூரத்துலயே நீங்க மின்னணும். மின்னலன்னு வெச்சிக்கோங்க, சைக்கிள் காயலாங்கடைக்கு. நீங்க பஸ்ஸுக்கு.”

எங்கள் பக்கம் லைட் பட்டால் பளிச்சென்று மின்னுகிற எல்லாமே ரேடியம்தான். லாரியின் பின்னால் ஒட்டுகிற பட்டை ரேடியம், கம்பெனிக்காரர்கள் மாட்டுகிற சட்டை ரேடியம். ரேடியம் பேன்ட்டும் கிடைக்கும். போனோமா, வாங்கினோமா என்று வரவேண்டியதுதானே? வரலாம், நீங்களும் நானும். சௌக்கத் அலி தேடத் தொடங்கியபோது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

எடை மேடையில் கூட வேலை பார்க்கிற புளியந்தோப்பு துரையும் சைக்கிள்காரர்தான். லாரிக்கு ஒட்டியது போக மிஞ்சிய சிவப்பு ரேடியத்தை முன் மட்கார்டில் ஒட்டிக்கொண்டு, வேலையை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

“நனைஞ்சா காயப்போது மாமு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு இம்மா பேஜாரு?”

“அவசரப்படக் கூடாது துரை. பட்ட ஒரு வெரலா, ரெண்டு வெரலான்னு கீது. ஜிப்பு வெளியவா, உள்ளயான்னு கீது. உள்ள கைலி கட்டிக்கலாமான்னு யாராச்சும் சொல்றானா பாரேன்!”

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை விடாமல் பார்த்தார். ராயபுரத்தில் மீன்பிடி வலைக்காரர்களிடம் போய், மழைக்கு அவர்கள் மாட்டுகிற பேன்ட்டைப் பற்றி அரை நாள் விசாரித்தார். கடலுக்குப் போகிற ஜூடியண்ணன், “பாய், உள்ள பூந்த தண்ணி வெளிய வரணும், அவ்ளோதான் எங்க கணக்கு” என்று சொன்னதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, அது எதற்கு உதவும் என்று ஒரு வாரம் யோசித்தார்.

கடைசியாக லிங்கிச்செட்டித் தெருவில், ஹெல்மெட்டும் கையுறையும் விற்கிற சுப்புராயன் கடையில் வந்து நின்றார். நின்றார் என்றா சொன்னேன்? ஒன்பது தடவை நின்றார். அல்லாஹ் அவருக்குப் பொறுமையை அள்ளிக் கொடுத்திருந்தான். சுப்புராயனுடைய பங்கையும் சேர்த்து அவருக்கே கொடுத்துவிட்டானோ என்னவோ, ஒன்பதாவது தடவை அவர் தெருமுனையில் திரும்பும்போதே சுப்புராயன் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். சௌக்கத் அலி குனிந்து உள்ளே வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

“குடிக்கவா பாய்?”

“டெஸ்ட் பண்ண.”

பேன்ட்டின் ஒரு காலை அடியில் முடிச்சுப் போட்டார். இடுப்பு வழியாகத் தண்ணீரை ஊற்றினார். தூக்கிப் பிடித்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

“தண்ணி வெளிய வரல. அப்ப உள்ளயும் வராது” என்றார் சௌக்கத் அலி, ஹஜ்ஜுக்குச் சீட்டுக் கிடைத்தவர் மாதிரி.

“இது பேன்ட்டா, தண்ணி லாரியா பாய்? எட்த்துகினு போங்க, நாங்க நிம்மதியா சாப்புடணும். கிளிப்பச்சதான? கண்ண மூடிகினு எடுங்க, ஒரு மைலுக்குத் தெரியும்.”

அங்கேதான் பாருங்கள், வந்தது வினை. சௌக்கத் அலி கிளிப்பச்சையைத் தடவினார், வெளிச்சத்தில் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

“கிளிப்பச்சன்னா அழுக்கு தெரியுமே. கருப்பு இல்ல?”

“கருப்புல அழுக்கும் தெரியாது, ஆளும் தெரியாதே பாய்!”

“அதான் அடியில ரேடியம் பட்ட கீதே. ரெண்டு கால்லயும், சுத்தி, ரெண்டு வெரல் அகலத்துக்கு. அது போதும்.”

ஆக, பளிச்சென்று தெரிவதற்காக மூன்று மாதம் தேடி, கண்ணுக்கே தெரியாத நிறத்தில் ஒரு பேன்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து அலமாரியில் வைத்தார். மழை வராத நாளில் மழை பேன்ட்டை மாட்டுவாரா என்ன?

ஐப்பசியில் முதல் மழை, ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. இந்தப் பக்கம் டீக்கடைப் படுதாவின் கீழ் அஜீசுன்னிசா நின்றாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் வேன், லாரி, ஆட்டோ என்று கூட்டம். கரண்டு வேறு போயிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய் முடிந்து, கேட்டைத் தூக்கியதும், எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு வந்தன. அஜீசுன்னிசா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இந்தப் பக்கத்து வண்டிகளின் லைட் பட்டு ஏதோ சிவப்பாக மின்னியது. கிட்டே வந்தது. துரையின் மட்கார்டு. அவர் டீக்கடையோரம் ஒதுங்கினார்.

அதற்குப் பின்னால் ஒன்றுமே மின்னவில்லை. வண்டிகளெல்லாம் போய்த் தீர்ந்தன. கேட்டை மறுபடி மூடிவிட்டார்கள். அஜீசுன்னிசாவுக்குக் கால்வாயும் டிரெய்லரும் கண் முன்னால் வந்துவிட்டன. “யா அல்லாஹ்” என்று படுதாக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“துரை! அவுரு எங்க? உன்கூட வரலியா?”

சைக்கிளில் காலை ஊன்றி நின்ற துரை திரும்பிப் பார்த்தார். “இன்னாக்கா இது, பாய் என் பின்னாலயேதான வந்துகினு இருந்தாரு!”

“பின்னால யாருமே இல்லியே!”

“அஜீசு” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நான் அப்பவே வந்து இங்கதான் கீறேன். ஒரு டீயும் குட்ச்சிட்டேன்.”

ஒரு முழத் தூரத்தில், தலை முதல் இடுப்பு வரை தொப்பலாக, இடுப்புக்குக் கீழே ஒரு சொட்டு நனையாமல், சௌக்கத் அலி சிரித்துக்கொண்டு நின்றார். “பாத்தியா, உள்ள கைலி கூட ஈரமாவல!”

அஜீசுன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கருப்பு பேன்ட். கரண்டைக்கு மேலே அழகாக, ஒழுங்காக, ரெண்டு மடிப்பு. அவள் அந்த மழைத்தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். ஒரு காலின் மடிப்பைப் பிரித்தாள். இன்னொரு காலையும் பிரித்தாள். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்து நின்ற லாரியின் ஹெட்லைட் பட்டு, ரெண்டு காலும் பளீரென்று எரிந்தன. டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“மாமு!” என்று துரை கத்தினார். “வெள்ளிக் கொலுசு போட்டாப்ல கீது மாமு!”

“மூணு மாசம் ஊரெல்லாம் தேடி வாங்குன வெளிச்சத்த,” என்றாள் அஜீசுன்னிசா, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாமல், “மடிச்சி உள்ள வெச்சிகினீங்களே!”

“மடிக்காம எப்டிம்மா? கரண்ட மூடிக்குமே…”

“மடிச்சிக்கோங்க, வேணான்னா சொன்னேன்? பட்டைய பிரிச்சி முட்டிக்கிட்ட வெச்சி தெச்சிட்டா போதும். நூலு வாங்கணும், அவ்ளோதான்.”

நூல்! சௌக்கத் அலியின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. ரேடியத்துக்கே வராத ஒளி. நனையாத நூல் எது, நைலானா, பருத்தியா, ஊசி குத்தின ஓட்டை வழியாகத் தண்ணீர் புகாதா? அவர் வாய் தன்னால் திறந்தது.

“ரெண்டு க…”

அஜீசுன்னிசா சைக்கிள் சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினாள்.

“ரெண்டு… காலுக்கும்,” என்றார் சௌக்கத் அலி, எச்சிலை விழுங்கிக்கொண்டு, “வூட்ல கீற நூலாலயே தெச்சிடும்மா.”

நீட்டிய கை மடங்கியது. சைக்கிள் பிழைத்தது.

நீங்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறீர்கள்? போன மழைக்கு முன்னால் பார்த்துப் பார்த்து வாங்கிய உங்கள் ரெயின்கோட், நனைந்துவிடுமே என்று இன்னும் கவருக்குள்ளேயே இருக்கிறதாமே? எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் தெருக் கடைக்காரரைத்தான் கேட்டேன். அவசரமாகப் பதில் சொன்னார். நீங்கள் வருகிறீர்கள் என்று ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார், பாவம்.