வாய் கட்டிய அப்புக்காத்து

பல்கலைக்கழகத்தை முடித்த கையோடு ஏன் சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை என்று யாராவது கேட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் உலக அனுபவம் தேடினேன்" என்று சொல்வேன். சுத்தப் பொய். எனக்குப் படிப்புப் புளித்துப் போயிருந்தது. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி, மூடினால் பசி. அந்த வயதில் என்னிடம் இருந்த உலக அனுபவம் அவ்வளவுதான்.

ஐயா வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். கறுப்பு அங்கி போட்டு நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் அப்புக்காத்தாக நான் வரவேண்டும் என்று, நான் தொட்டிலில் கத்தின கத்தலைக் கேட்ட அன்றே முடிவு கட்டியவர். அப்படிப்பட்டவரிடம் போய், "ஒரு வருசம் பொறுத்துப் போறன் ஐயா" என்றேன். சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒரு வருசம் என்ன செய்யப் போறாய்? கொக்காவின்ரை வயலிலை மாடு மேய்க்கப் போறியோ?"

(உண்மையில் அந்த யோசனை எனக்கு அதுவரை வரவில்லை. ஐயாதான் தந்தார்.)

அக்கா அப்போது கோயில் திருவிழாவுக்கு வந்து நின்றாள். அவளும் அத்தானும் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் காணி எடுத்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிறவர்கள். குசினி வாசலில் நின்றபடி, "சின்னனிலை இருந்து படிச்சுக் களைச்ச பிள்ளை. ஒரு வருசம் என்னோடை வந்து நிக்கட்டும் ஐயா. அவன் எனக்குப் பாரமே?" என்றாள்.

அக்கா கேட்டு ஐயா மறுத்ததே கிடையாது. "என்னவாவது செய்யுங்கோ. ஆனா அங்கை போய்ச் சும்மா இருந்து சோறு தின்னுறான் எண்டு கேள்விப்பட்டனோ, அடுத்த நாளே கொழும்புக்கு ஏத்துவன்" என்றார்.

நான் அங்கே போய்ச் சும்மா இருந்து சோறு தின்றேன். மண்வெட்டி பிடித்தால் கை பொக்களித்தது. கிளி கலைக்க அனுப்பினால் நான் கதைப்புத்தகம் வாசித்தேன், கிளிகள் கதிரைத் தின்றன. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கதைக்கிறது. வேலித் தகராறோ, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையோ, போய் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வேன். சட்டத்தில் ஒரு எழுத்துக்கூடப் படித்திருக்கவில்லை. அதனால் எனக்கு என்ன, வாய் இருந்தது. "அப்புக்காத்தர் வாறார்" என்று சனம் சொல்லும்போது நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசரன்!

அக்கா ஒரு நாளும் முகம் சுழிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் முந்தின போகம் பெரிய அழிவு. வெட்டிக் குவித்த கதிர்ப் போரை, எங்கள் பேச்சில் சூட்டை, மிதித்து நெல் எடுக்குமுன் மழை பிடித்து, கதிரோடேயே நெல் முளைத்துவிட்டது. அந்த முளைநெல் அரிசியைத்தான் மாதக்கணக்காகச் சாப்பிட்டார்கள். புளித்த மணம். என் கோப்பைக்கு மட்டும் எங்கிருந்தோ நல்ல அரிசி வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கிற மூளை எனக்கு அப்போது இல்லை.

அடுத்த போகம் நன்றாக விளைந்தது. மாசி மாதம் அரிவு வெட்டி, சூடு வைத்தாயிற்று. இனிச் சூடு மிதிக்க வேண்டும். அதற்கு, ஒரே கயிற்றில் பிணைத்துக் கதிர்மேல் சுற்ற விடும் வேலுப்பிள்ளையண்ணையின் எருமைப் பிணையல்தான் வரவேண்டும். அந்தப் பக்கம் முழுக்க அவருடைய எருமைகளுக்குக் காத்திருந்தது. எங்களுக்கென்று ஒரு நாள் சொன்னார். அந்த நாளுக்கு முதல் நாள் அத்தானைக் குலைப்பன் காய்ச்சல் பிடித்தது. விடிந்து பார்த்தால் கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

அத்தான் போர்வைக்குள் நடுங்கியபடி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வீட்டுக்காரர் எண்டு ஒராள் களத்திலை நிக்கவேணும். போய் நில். ஆனா கதையாதை."

கதையாதையாம்! எனக்கு ரோசம் வந்துவிட்டது. பட்டதாரிக்குச் சொல்கிற புத்தியா இது?

செருப்புப் போட்டு, கறுப்புக் குடையும் பிடித்துக்கொண்டு களத்துக்குள் இறங்கினேன். வேலுப்பிள்ளையண்ணை நெற்றி நிறையத் திருநீறு பூசின, கோபக்கார மனுசன். என் காலைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். "தம்பி, உது ரண்டையும் வெளியிலை வைச்சிட்டு வாங்கோ. களம் கோயில் மாதிரி" என்றார். வைத்துவிட்டு வந்தேன். எருமைகள் சுற்றத் தொடங்கின. பின்னால் நின்றவர்கள் "பொலி! பொலி!" என்று குரல் கொடுத்தார்கள். நான் வீட்டுக்காரன் தோரணையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்:

"என்னண்ணை, போனமுறை மாதிரி ஒண்டும் இல்லாமல் போகாதே?"

குரல்கள் நின்றன. எருமைகளும் நின்றன.

"தம்பி, இப்ப நீங்கள் சொன்ன சொல்லு களத்துக்கை சொல்லப்படாது."

"எந்தச் சொல்?"

"அதை நான் சொல்லுவனே?"

"இல்லை எண்டதோ?"

"ஐயோ முருகா!" என்று யாரோ நெஞ்சில் கை வைத்தார்கள்.

களத்தில் நெல் மிதிபடும்போது குறைவைக் குறிக்கும் சொல் எதுவும் வாயில் வரக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். முடிந்தது என்று சொல்ல மாட்டார்கள், போதும் என்று சொல்ல மாட்டார்கள், அளவு கேட்க மாட்டார்கள். குடத்தில் தண்ணீர் தீர்ந்தால்கூடப் "பொலிஞ்சு போச்சு" என்றுதான் சொல்வார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்திருந்தாலும் வாயை மூடியிருப்பேனா என்பது சந்தேகம். ஏனென்றால் எனக்குள் இருந்த அப்புக்காத்து எழும்பிவிட்டான்.

"வேலுப்பிள்ளையண்ணை, நிதானமாய் யோசிச்சுப் பாருங்கோ. இல்லை எண்டு சொல்லுறதாலை நெல்லுக் குறையும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை. கண்ட சாட்சி இல்லை. அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. நியாயமும் இல்லை. இதிலை பயப்பிட ஒண்டுமே இல்லை!"

ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒவ்வொருவராகக் களத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. வாதம் அவ்வளவு சிறப்பாக அமைந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் வேலுப்பிள்ளையண்ணை பிணையலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடிக் கதைச்ச களத்திலை என்ரை மாடு நடவாது."

களத்து விளிம்பில் தேத்தண்ணியோடு வந்து நின்ற அக்காவின் கையிலிருந்த கேத்தில் சரிந்தது. பெண்கள் களத்துக்குள் கால் வைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. வெளியே நின்றபடி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சூட்டைப் பார்த்தாள், கறுத்த வானத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. முளைநெல் மணம் அந்த நேரம் எனக்கே மூக்கில் அடித்தது. இந்த எருமைகள் போனால் இந்தப் போகமும் போச்சு. அதைக் கெடுத்தவன் நான்.

"வேலுப்பிள்ளையண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் அக்கா. "எங்கடை ஊர் முருகன் கோயிலிலை பூசை செய்யிறவர் வெள்ளைத் துணியாலை வாயைக் கட்டிக்கொண்டெல்லே பூசை செய்யிறவர். நீங்கள் களமும் கோயில் எண்டு சொல்லுறியள். இவனும் வாயைக் கட்டிக்கொண்டு நிக்கட்டும். ஒரு சொல்லு வந்தால் அவிழ்த்துக்கொண்டு போங்கோ, நான் மறிக்க மாட்டன்."

(எங்கள் குடும்பத்தில் அப்புக்காத்தாக வந்திருக்க வேண்டியவள் அக்காதான்.)

வேலுப்பிள்ளையண்ணை தாடையைச் சொறிந்தார். "ஆனா சும்மா நிக்கப்படாது. எருமைக்குப் பின்னாலை நடக்க வேணும்" என்றார். அத்தானின் வெள்ளைச் சால்வை வீட்டிலிருந்து வந்தது. மூக்குக்குக் கீழே இறுக்கி, பிடரியில் முடிச்சுப் போட்டுவிட்டார் வேலுப்பிள்ளையண்ணையே. நல்ல முடிச்சு.

எருமைக்குப் பின்னால் நடப்பது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? எருமை வாலைத் தூக்கும். உடனே இரண்டு கையிலும் வைக்கலை அள்ளி, சாணம் நெல்லில் விழுமுன் ஏந்த வேண்டும். ஏந்தி, ஓடிப்போய் வெளியே எறிந்துவிட்டு வருவதற்குள் அடுத்தது வாலைத் தூக்கும். அவை இடையிடையே ஒரு வாய் வைக்கலும் தின்றுகொண்டன. அன்றைக்கு அந்தக் களத்தில் வாய் கட்டப்பட்டிருந்த ஒரே உயிர் நான்தான்.

மத்தியானம் திரும்பியது. ஒரு பக்கம் நெல்லைத் தூற்றத் தொடங்கினார்கள். மிச்சச் சூடு மிதிபட்டுக்கொண்டிருந்தது. வானம் இன்னும் பொறுமையாக இருந்தது. அப்போது ஒழுங்கையில் ஒரு கார் வந்து நின்றது.

ஐயா இறங்கினார். பின்னால் அவருடைய சிநேகிதர், எனக்காகச் சட்டக் கல்லூரி அலுவல்களைப் பார்த்துக்கொண்டிருந்த சட்டத்தரணி ஒருவர், பிரக்கிராசியார். மகன் சும்மா இருக்கிறான் என்ற செய்தி யாழ்ப்பாணம் வரை போய்விட்டது. கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறார்கள்.

ஐயா வயல் வரம்பால் வந்து நின்று பார்த்தார். பட்டதாரி மகன். வாயில் துணி. இரண்டு கையிலும் சுடச்சுடச் சாணம்.

"என்னடா இது?"

"ம்ம்" என்றேன்.

"வாயிலை என்ன?"

"ம்ம்ம்."

"நான் பகிடிக்குச் சொன்னால் மெய்யாவே மாடு மேய்க்கிறியோ? எவ்வளவு பேருக்கு முன்னாலை என்ரை மானத்தை... இப்ப சொல்லு. என்னோடை வாறியா, இல்..."

சப்பாத்துக் காலோடு களத்தை நோக்கி வந்துகொண்டே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். வேலுப்பிள்ளையண்ணையின் கை பிணையல் கயிற்றுக்குப் போனது. நான் யோசிக்கவில்லை. சாணக் கையோடேயே "ம்ம்! ம்ம்! ம்ம்!" என்று கத்திக்கொண்டு என்னைப் பெற்ற தகப்பனை நோக்கிப் பாய்ந்தேன். ஐயா வாழ்க்கையில் முதல் தரம் என்னைக் கண்டு பயந்து பின்வாங்கினார். வழுக்கி, களத்துக்கு வெளியே கிடந்த வைக்கல் குவியலில் தொப்பென்று இருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எருமை ஒன்று மூச்சு விட்டது.

அக்கா ஓடிவந்து ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். காதோடு என்னவோ சொன்னாள். அத்தானின் காய்ச்சல், என் வாதம், அவிழ்த்த பிணையல், எல்லாம் சொல்லியிருப்பாள். எனக்கு வாய் முழுக்க மறுமொழி இருந்தது. துணியை இழுத்துவிட்டு ஒரு வசனம் சொன்னால் என் மானம் தப்பும். ஆனால் அக்காவின் நெல் தப்பாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஐயா எழும்பி வேட்டியைத் தட்டினார். வானத்தைப் பார்த்தார். சூட்டைப் பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் வந்து, சாக்குப் பிடித்தார். வெண்கட்டி தவிர வேறொன்றும் பிடித்து நான் கண்டிராத கை அது.

பிரக்கிராசியார் வரம்பில் நின்று சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "வாத்தியார், பயப்பிடாதேங்கோ. தேவையான இடத்திலை வாயை மூடத் தெரிஞ்சிட்டால் அப்புக்காத்துப் படிப்பிலை பாதி முடிஞ்சு..."

"பிள்ளை!" வேலுப்பிள்ளையண்ணை அக்காவைக் கூப்பிட்டார். "வரம்பிலை நிக்கிற இந்த ஐயாவுக்கும் ஒரு சால்வை கொண்டு வாங்கோ!"

அப்போதுதான் களமே வெடித்துச் சிரித்தது. நானும் துணிக்குள்ளே சிரித்தேன். மூச்சு முட்டியது.

கடைசிச் சாக்கு கூரைக்குள் போனதும் மழை கொட்டியது. கிடுகுக் கூரையில் அது விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் ஒதுங்கி நின்றோம். அத்தான் போர்வையோடு எழும்பி வந்து சாக்குகளைத் தடவிப் பார்த்தார். வேலுப்பிள்ளையண்ணை என் முடிச்சை அவிழ்த்து, "இப்ப கதையுங்கோ தம்பி, எவ்வளவும் கதையுங்கோ" என்றார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐயா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னார்: "கேட்ட வருசம் முழுக்க நிண்டிட்டுப் பேந்து போ."

நின்றேன். மிச்ச மாதங்களில் மண்வெட்டி பிடிக்கப் பழகினேன். அதன் பிறகு கொழும்புக்குப் போனபோது புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரவில்லை. அந்த வருசத்தை எனக்குத் தந்தவர்களுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. முளைநெல்லைத் தான் தின்று எனக்கு நல்ல அரிசி போட்டவள் அக்கா.

நான் அப்புக்காத்தாகச் சத்தியம் எடுத்த அன்று அக்கா ஒரு பொதி தந்தாள். பிரித்தால் அந்த வெள்ளைச் சால்வை, தோய்த்து மடித்து. அன்றிலிருந்து அது என் அலுமாரியில் இருக்கிறது. வீட்டில் நான் கொஞ்சம் நீட்டிக் கதைத்தால் போதும், "சால்வையை எடுக்கட்டோ?" என்று மனைவி கேட்பாள். பிள்ளைகள் பேச்சுப் பழகின கையோடு அதையும் பழகிக்கொண்டார்கள்.

என் மகள் பட்டப் படிப்பை முடித்துக்கொண்டு வந்தாள். அவளும் சட்டம்தான் படிக்க வேண்டும் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் காலையில் வந்து, என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தச் சால்வையை வைத்தாள்.

"அப்பா, நான் ஒரு வருசம் பொறுத்துச் சட்டம் படிக்கப் போறன்."

வாயைத் திறந்தேன். சால்வையைப் பார்த்தேன். மூடினேன்.

"அதுவரைக்கும் எங்கை போய் நிக்கப் போறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"வட்டக்கச்சிக்கு, மாமி வீட்டை. கேட்டிட்டன். மாமி ஒரு நாளும் இல்லை எண்டு சொல்லமாட்டா."