தாளின் மற்றப் பாதி

படிக்காதவர் ஒரு மடைத்தனம் செய்தால் அது மடைத்தனத்தோடு நின்றுவிடும். படித்தவர் செய்தால் அதற்கு ஆதாரம், அடிக்குறிப்பு, இணைப்புப் பிரதி எல்லாம் இருக்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். இணைப்புப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. கனடாவில், மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைக் கூட்டித் துடைப்பவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். (அந்தக் கையெழுத்திலும் நான் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை எப்படித்தான் வீட்டில் வைத்திருந்தார்களோ.)

இரண்டாயிரத்து ஆறு அல்லது ஏழாக இருக்கும். செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு வழக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது: நான் எடுத்த பாடம் சரித்திரம். வழக்குத் தொடுத்தவர் அப்பாவின் அக்கா, என் மாமி. ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்தபடி வாதாடுவார்.

"சரித்திரம் படிச்சாச் செத்தவையைத்தான் பாக்கலாம். நேர்ஸிங் படிச்சா உயிரோட இருக்கிறவையைப் பாக்கலாம். எது பிரயோசனம் எண்டு நீயே சொல்லு, பிள்ளை."

அப்பா நடுநிலையாளர், அதாவது அக்காவின் பக்கம். கடைசியில் தீர்ப்பு வந்தது. கோடை விடுமுறைக்குள் சரித்திரத்தால் குடும்பத்துக்கு ஏதாவது ஒரு பிரயோசனத்தை நான் காட்ட வேண்டும். இல்லையென்றால் செப்டெம்பரில் நேர்ஸிங்.

அந்தத் தவணையில்தான் வகுப்பில் பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்திய மொன்றியல், வீடு வீடாக, கணக்கெடுத்தவரின் கையெழுத்திலேயே நூலகத் திரையில் வரும். மற்ற மாணவர்கள் தங்கள் பூட்டன்மாரைத் தேடினார்கள். என் பூட்டன்மார் அந்த நேரம் மன்னாரில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரைத் தவிர. அப்பாவின் பாட்டனாருக்குத் தொம்மை என்று ஒரு தம்பி. கொழும்பில் கப்பலேறியவர், அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

மூன்று நாள் தேடினேன். கிடைத்தது. தோமஸ் மார்ட்டின், வயது முப்பது, பிறந்த இடம் சிலோன்.

தோமஸ் எங்கள் ஊர் வாயில் தொம்மை, தொம்மையின் தகப்பன் பெயர் மார்ட்டின்!

எங்கள் ஆட்களுக்குப் பெயருக்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர். ஆகவே இவர் மார்ட்டினின் மகன் தோமஸ். இந்த நாட்டில் அது தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்பதோ, என் வகுப்பிலேயே மூன்று மார்ட்டின்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதோ எனக்கு நினைவு வரவில்லை. பதிவேட்டின் பக்கம் மிக அகலம். இயந்திரம் ஒரு தாளில் பாதியைத்தான் அச்சடிக்கும். இடது பாதியை அச்சடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்:

"அந்த மனிசன் என்ன ஆக்கள் எண்டு அதில எழுதேல்லையோ?"

ஊரில் எத்தனையோ கலியாணங்களைக் குழப்பிய சாதிக் கேள்வி அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது கனடா. இங்க அரசாங்கம் உதெல்லாம் கேக்காது."

"வீடு வீடா வந்தவன் அதைக் கேக்காமலோ போயிருப்பான்?"

நான் சமத்துவத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அம்மா வெங்காயத்தை முடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த சில வாரங்களில் திருமணப் பதிவுகளைப் பிடித்துத் தொங்கி, தோமஸின் பேரன் ஒருவர்வரை வந்துவிட்டேன். மிஸ்யூ (பிரெஞ்சுக்காரரின் 'திரு') மார்ட்டின், ஓய்வுபெற்றவர், இல்-பிசாரில் வீடு. 'உங்கள் பாட்டனார் பிறந்த மண்ணின் மக்கள் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், வாருங்கள்' என்று என் அலங்காரப் பிரெஞ்சில் கடிதம் போட்டேன். மனிதர் தொலைபேசியில் அழாத குறையாக நன்றி சொன்னார். அவருடைய பாட்டனார் சாகும்வரை சிலோனைப் பற்றித்தான் பேசுவாராம். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அப்பா ஆளே மாறிப்போனார். "நீ எங்கேயிருந்து வந்தாய்?" என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம், "நாங்கள் இங்கே நூறு வருடமாக இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். கோயிலில் அறிவித்தல் வாசித்தார்கள். தொம்மைக்கு ஆத்துமப் பூசை, பிறகு மண்டபத்தில் அறுபது பேருக்குச் சாப்பாடு. மாமிகூட, "சரி, படிப்பில ஏதோ கிடக்குத்தான்" என்று சொல்லி இறைச்சி ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தார்.

மண்டபக் கதவு திறந்தது. ஆறடி உயரம். நீலக் கண். அவித்த இறால் நிறத்தில் முகம். கையில் சட்டம் போட்ட ஒரு படம்.

மாலையோடு நின்ற அப்பாவின் கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன.

"தாய்ப் பக்கத்துச் சாயலாயிருக்கும்" என்றார் மாமி, நல்லெண்ணத்தோடு.

மிஸ்யூ மார்ட்டின் பெருமையோடு படத்தைத் திருப்பிக் காட்டினார். தேயிலைத் தோட்டம். நடுவில் தொப்பியும் மீசையுமாக ஒரு வெள்ளைக்கார இளைஞன், தோட்டத்துத் துரையின் மகனாம். அவன் பக்கத்தில் வெறும் மேலோடு ஒரு தமிழர், அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு. மிஸ்யூவின் விரல் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் நடுவில் இருந்தவனைத் தொட்டது.

"என் பாட்டனார்."

மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார்.

"குடை பிடிக்கிறவர்தான் எங்கட தொம்மைபோலக் கிடக்கு."

அறுபது பேரும் சிரித்தார்கள். என்ன பகிடி என்று தெரியாமல் மிஸ்யூ மார்ட்டினும் சேர்ந்து சிரித்ததுதான் கொடுமை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மாலையை மிஸ்யூவின் கழுத்தில் போட்டுவிட்டு, "வந்த மனிசன் வந்திட்டார். சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்றார்.

திங்கட்கிழமை போய் வலது பாதியை அச்சடித்தேன். அதில் ஒரு கட்டம், இன்ன இனத்தவர் என்று எழுதுவதற்காகவே. தோமஸுக்கு நேரே அழகான எழுத்தில் 'ஸ்கொட்லாந்து'. நூறு வருடத்துக்கு முன்பே அரசாங்கம் வீடு வீடாகப் போய், அம்மாவின் கேள்வியைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறது!

அடுத்த ஞாயிறு மாமி நேர்ஸிங் விண்ணப்பத்தோடு வந்தார். பேனையை எடுத்தேன். அம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"பாதியைப் படிச்சபடியால்தான் இவ்வளவும் வந்தது, மச்சாள். முழுக்கப் படிக்கட்டும்."

முழுக்கப் படித்தேன். இன்று ஆவணக் காப்பகம் ஒன்றில் வேலை. வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும், "மற்றப் பாதியைப் பாத்தனியோ?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. தொம்மை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் வருடா வருடம் அவருக்குப் பூசை நடக்கிறது. ரோல்ஸுக்காக மிஸ்யூ மார்ட்டினும் தவறாமல் வருகிறார். மழை பெய்தால் மாமி தன் குடையை விரித்து அவர் கையில் கொடுத்துவிடுவார்.

"இனி நீங்கள் பிடியுங்கோ" என்பார்.

அவரும் மாமிக்குக் கார் வரைக்கும் பிடித்துக்கொண்டு வருவார்.