என் பெயரில் கையெழுத்துப் போட வந்தவர்

என்னைவிட நன்றாக நானாக வாழ்ந்தவர் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே ஒருவர்தான். தெருக்கூத்து ஆடுபவர். எல்லோருக்கும் அவர் 'வேஷக்காரர்'.

பிள்ளைகளே, முகத்துச் சாயத்தைக் கழுவினாலும் வேஷம் அவரை விட்டுப் போகாது. துரியோதனன் ஆடிய மறுநாள் பஸ்ஸில் கண்டக்டரை முறைத்தார். "ராஜாகிட்டயே டிக்கெட் கேக்கிறியா?"

"ராஜான்னா தேர்ல போ நைனா. இன்னாத்துக்கு என் பஸ்ல தொங்கினு வர்ற?"

திரௌபதி ஆடினால் வாரம் முழுக்கக் கூந்தலை முடிய மாட்டார்.

அப்போது, தொண்ணூறுகளின் கடைசியில், நான் பம்பாயில் வேலையில் இருந்தேன். ஊரில் பலருக்கு என் முகம் மறந்துவிட்டது. இதைக் கவனித்த ஒரு நிலத் தரகர், அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே கழனியை எனக்குத் தெரியாமல் விற்றுவிடத் திட்டம் போட்டார். நானாக வந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டும். "ஒரே ஒரு நாள் வேஷம்தான்" என்று வேஷக்காரரைப் பிடித்தார். அவரும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் ஒத்திகை பார்க்காமல் அவர் ஆடமாட்டாரே! தினமும் விடியலில் என் கழனிக்குப் போனார். வரப்பு எது, வானம் எது என்று தெரியாத பனி. வாய்க்காலில் கால்களைத் தொங்கவிட்டு, பயிர் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். கொக்குகள்கூட அவரைக் கண்டு பறக்கவில்லை என்று என் கழனியைப் பயிரிட்டு வந்த குத்தகைக்காரர் பின்னால் சொன்னார்.

பத்திரப் பதிவு நாள் வந்தது. அதிகாரி வழக்கம்போலக் கேட்டார்: "முழு சம்மதத்தோடதான் விக்கிறீங்களா?"

வேஷக்காரரின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே எங்கோ மிதந்தன. "எப்டி சார் விப்பேன்? எங்கப்பா கையால வெட்டின வாய்க்கா சார் அது. பம்பாய்ல தூங்கசொல்லகூட அந்தத் தண்ணி சத்தம் காதுல கேட்டுகினே கீது."

"யோவ், அது உன் கயனி இல்லய்யா! நீ வேஷம் கட்டினவன்யா!" என்று தரகர் அலறினார். அலுவலகம் முழுக்கக் கேட்டது.

போலீஸ் வந்தது. விற்பனைதான் நடக்கவில்லையே என்று கேட்காதீர்கள். இன்னொருவர் பெயரைச் சொல்லி ஏமாற்ற முயன்றாலே குற்றம். அதற்காகக் கூடித் திட்டம் போட்டால் அது தனிக் குற்றம். இரண்டுக்கும் சிறை உண்டு. தரகருக்கு அதிகம் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட வேஷக்காரருக்குக் குறைவு. ஆனாலும் சிறை சிறைதான்.

ஊருக்கு வந்ததும் அவரைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். நாலு வார்த்தை திட்டத்தான் போனேன். கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் முந்திக்கொண்டார்.

"இன்னா நைனா, மழை வரப்போவுது. மேலண்டை வரப்புல நண்டு வளை ஒண்ணு கீதே, அடைச்சியா? வுட்டா தண்ணி நிக்காது."

பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே கழனிக்குப் போனேன். வளை அங்கேதான் இருந்தது. மண் போட்டு அடைத்தேன். பிறகு வரப்பில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இன்னொருவருக்கும் இடம் விட்டே உட்கார்ந்தேன்.