குலப்பெயரைக் காப்பாற்றிய கில்பர்ட் கவர்ட்

அல்வர்ஸ்டன் ஊரில் முப்பத்தொரு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற கில்பர்ட் கவர்ட், அறுபத்தாறாவது வயதில் ஒரு சபதம் எடுத்தார். தன் குடும்பப் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று.

களங்கம் லேசுப்பட்டதல்ல. ஆங்கிலத்தில் கவர்ட் என்றால் கோழை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுக்கும்போது அந்தப் பெயருக்கு மட்டும் வகுப்பே சேர்ந்து "உள்ளேன் ஐயா" சொல்லும். பட்டாளத்தில் சேரப் போனால், பெயரை எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தார். தபால்காரரான பிறகு நாய்கள். வேறொரு தபால்காரர் நாய்க்குப் பயந்து ஓடினால் அது தொழிலில் ஒரு பகுதி. கவர்ட் என்ற தபால்காரர் ஓடினால் அது ஊருக்கே பொழுதுபோக்கு. வேலி ஓரமாக நின்று, "பேருக்கேத்த ஓட்டம்!" என்று கை தட்டுவார்கள்.

இத்தனை வருஷம் பொறுத்தவர் திடீரென்று ஏன் பொங்கினார் என்றால், அதற்குக் காரணம் குலப்பெருமை இல்லை. மச்சினி.

பிப்ரவரி மாதம் ஒரு காலை, முட்டையின் மண்டையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே அவர் மனைவி எனிட் சொன்னாள்:

"கில்பர்ட், ஜூன் மாசம் முதல் ரெண்டு வாரம் நாம மோர்கம்ப் போறோம். வின்னியோட கேரவன் வண்டி வீட்டுல தங்கறோம்."

"போலாமே!" என்றது அவர் வாய். மனசு வேறு மாதிரி சொன்னது.

வின்னி எனிட்டின் அக்கா. பதினோரு வருஷத்துக்கு முன் இடுப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டவள். அந்த அறுவை இன்னும் முடியவில்லை. மயக்க ஊசியில் ஆரம்பித்துத் தையல் பிரிப்பது வரை சொல்லி முடிக்க நாலு நாள் ஆகும். முடித்ததும், "நீங்க சரியா கவனிக்கலை" என்று மறுபடி மயக்க ஊசிக்குப் போவாள். வெளியே கடல், மழை. உள்ளே இடுப்பு. கேரவனுக்கோ ஒரே கதவு. அந்தக் கதவை அடைத்தாற்போல்தான் வின்னி உட்காருவாள்.

கில்பர்ட் பக்கத்து வீட்டு ரெஜ் டைசனிடம் போய் அழுதார்.

"முடியாதுன்னு சொல்லுய்யா," என்றார் ரெஜ்.

"யாருகிட்ட?"

"உன் பொண்டாட்டிகிட்டதான்."

"உன் பொண்டாட்டிகிட்ட நீ சொல்லுவியா?"

ரெஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை விடு. வில்ட்ஷயர்ல என் சித்தப்பா பையனுக்கு ஆத்தங்கரையில ஒரு வீடு இருக்கு. ஜூன்ல காலியாத்தான் கிடக்கும். ட்ரவுட் மீன் தானா வந்து தூண்டில்ல மாட்டும். நீ மட்டும் ஒரு காரணம் கண்டுபிடிச்சா, ரெண்டு பேரும் போயிடலாம்."

வில்ட்ஷயர் நாட்டின் இன்னொரு மூலை. அங்கே போக ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? கில்பர்ட் ஊர் நூலகத்துக்குப் போய் வில்ட்ஷயரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று மூன்று நாள் தேடினார். நாலாவது நாள், குடும்பப் பெயர்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் கையில் சிக்கியது. சும்மா தன் பெயரைப் புரட்டிப் பார்த்தவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு எல்லா மாவட்டத்துத் தொலைபேசிப் புத்தகங்களையும் கேட்டு வாங்கினார். விரலை வைத்து எண்ணினார். நூலகக்காரி "ஷ்ஷ்" என்று அதட்டும் அளவுக்கு ஒரு சத்தம் போட்டார்.

அந்த வாரமே சமையலறைச் சுவரில் இங்கிலாந்து வரைபடம் ஏறியது. அதில் சிவப்புக் குண்டூசிகள்.

எனிட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்ன இது, நாட்டுக்கு அம்மை போட்ட மாதிரி?"

"எல்லாம் நம்ம ஆளுங்க, எனிட். ஒரு ஊசிக்கு அஞ்சு கவர்ட்."

"இவ்வளவு கோழைங்களா? இந்த நாடு எப்படித்தான் ரெண்டு யுத்தம் ஜெயிச்சுது?"

"அங்கதான் தப்பு!" கில்பர்ட் விரலை உயர்த்தினார். "கோழைக்கும் நம்ம பேருக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அந்தக் காலத்துல கவ்-ஹெர்ட்னு ஒரு சொல். மாடு மேய்க்கிறவன்னு அர்த்தம். அதை ஜனங்க வாயில போட்டு அசைபோட்டு அசைபோட்டு, கவர்ட் ஆக்கிட்டாங்க."

"அப்ப முப்பத்தெட்டு வருஷமா நான் மாட்டுக்காரன் பொண்டாட்டி?"

"ஆமா!"

"பதவி உயர்வுதான்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனிட் பிறந்த வீட்டுப் பெயர் புல். புல் என்றால் நம் ஊரில் மாடு மேய்வது. அவர்கள் ஊரில் மேய்க்க வந்தவனை முட்டுவது. காளை. கில்பர்ட் மட்டும் இதைக் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"ஆனா ஒரு குழப்பம் பாரு," என்று தொடர்ந்தார். "இங்க லங்காஷயர் பக்கம் நாம கொத்தா இருக்கோம். அங்க தெற்கே வில்ட்ஷயர், சாமர்செட்ல இன்னொரு கொத்து. நடுவுல ஒண்ணு ரெண்டுதான். இந்த ரெண்டு கொத்தும் ஒரே ரத்தமா? இல்ல, மாடு இருந்த இடத்துலெல்லாம் பேரு தானா முளைச்சுதா? வில்ட்ஷயர் போய் தேவாலயத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டினாத்தான் தெரியும்."

"எப்ப புரட்டணும்?"

"ஜூன்ல. முதல் ரெண்டு வாரம்."

"மத்த மாசத்துல புரளாதா?"

"ஈரம், எனிட். பழைய தாள். வெயில் வந்தாத்தான் பக்கம் பிரியும்."

எனிட் வரைபடத்தில் வில்ட்ஷயர் எங்கே என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணத்தன்னைக்குப் பதிவேட்டுல கையெழுத்து போட்டேனே, ஞாபகம் இருக்கா? புல்லா உள்ள போனவ கவர்ட்டா வெளிய வந்தேன். அப்புறம் இருபது வருஷம் பள்ளிக்கூடத்துல சாப்பாடு பரிமாறினேன். 'கோழையம்மா, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போடுங்க'ன்னு பிள்ளைங்க கேட்பாங்க. வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொன்னதில்லை. நீயும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை."

கில்பர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைப் பார்த்து நாய் குரைத்ததையெல்லாம் கணக்கு வைத்திருந்தாரே தவிர, தன் பெயரை வாங்கிக்கொண்டவளும் அதைச் சுமந்தாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். சரியாக அந்த நேரம் மனக்கண்ணில் ஒரு ட்ரவுட் துள்ளியது. வாயை மூடிக்கொண்டார்.

"போயிட்டு வா, கண்ணு," என்றாள் எனிட். "குலப்பெருமை முக்கியம். அந்த வில்ட்ஷயர் ஆளுங்க விலாசமெல்லாம் கொடு, ஒரு படி எடுத்து வைக்கிறேன். தொலைஞ்சு போச்சுன்னா கஷ்டம்."

முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை, கேட்டவுடன் சம்மதம். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே மிரண்டு போயிருப்பார்கள். கில்பர்ட் விசிலடித்துக்கொண்டு ரெஜ் வீட்டுக்குப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், சாக்காக ஆரம்பித்தது அவரை நிஜமாகவே பிடித்துக்கொண்டது. ஏப்ரலில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் படித்தார். மே மாதம் மதுக்கடையில் நின்று, "மாட்டுக்காரன்னா சும்மாவா? ஓநாய்க்கும் திருடனுக்கும் நடுவுல ராப்பகலா நின்னவன்!" என்று பிரசங்கம் செய்தார். அவரைத் துரத்திய நாய்களில் ஒன்று தெருவில் எதிரே வந்தபோது, "நான் மாட்டுக்கார வம்சம்டா!" என்று அதன் முகத்துக்கு நேரே சொன்னார். நாய் யோசித்துவிட்டு ஒதுங்கிப் போனது. அதற்குப் பதினான்கு வயது, கண் தெரியாது என்பதெல்லாம் வேறு விஷயம்.

ஜூன் முதல் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ரெஜ் கார் கொண்டுவருவதாக ஏற்பாடு. எட்டரைக்கே கில்பர்ட் பெட்டியோடு வாசலில் நின்றார். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. கார் இல்லை. பேருந்து. மெதுவாக வந்து அவர் வீட்டு முன்னாலேயே நின்றது. கதவு திறந்தது. தடி ஊன்றிய ஒரு கிழவர் முதலில் இறங்கினார்.

"கில்பர்ட் கவர்ட்டா? நான் அம்ப்ரோஸ் கவர்ட். வில்ட்ஷயர்லேர்ந்து. வழியில ஒரு ராத்திரி தங்கி வந்தோம். இது என் தம்பி ஜாப் கவர்ட். இது அவன் பொண்ணு ஹெஸ்டர் கவர்ட். இது…"

கவர்ட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முப்பத்துநாலு பேர். எல்லோருக்கும் அதே நீண்ட மூக்கு என்று கில்பர்ட்டுக்குத் தோன்றியது. பயத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம்.

எனிட் புது உடையில் வாசலுக்கு வந்தாள்.

"நீ எதுக்குக் கண்ணு அவ்வளவு தூரம் போய் அலையணும்? கடுதாசி போட்டு வில்ட்ஷயரையே இங்க வரவழைச்சுட்டேன். தேவாலயக் கூடம் சொல்லி வெச்சிருக்கேன். நூத்திருபது சாண்ட்விச் போட்டிருக்கேன். நீ பேசறே."

அந்த நேரம் பார்த்து ரெஜ்ஜின் கார் தெருமுனையில் எட்டிப் பார்த்தது. பேருந்தைப் பார்த்தது. அப்படியே பின்னாலேயே நகர்ந்து, திரும்பி, தெற்கே பார்த்துப் பறந்தது.

கூடத்தில் உள்ளூர்க் கவர்ட்களும் வந்து சேர, எழுபது பேருக்கு மேல். கில்பர்ட் தயங்கிக்கொண்டேதான் மேடை ஏறினார். ஆனால் பேச ஆரம்பித்ததும் மீனை மறந்தார். மச்சினியை மறந்தார். கோழை என்ற பழியை ஒவ்வொரு வார்த்தையாகக் கிழித்தார். பனியிலும் காட்டிலும் மந்தையைக் காத்த மனிதர்களைக் கண்முன் நிறுத்தினார். "ஒரு மந்தையே மிரண்டு ஓடி வரும்போது ஓடாம நிக்கிறானே ஒருத்தன், அவன் பேருங்க நம்ம பேரு! இனி யாராவது சிரிச்சா, தலை குனியாதீங்க!" என்று முடித்தபோது கூடம் எழுந்து நின்று தட்டியது. ஹெஸ்டர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள். எனிட்டின் கண்களும் கலங்கியிருந்ததைக் கில்பர்ட் பார்த்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல அரைமணி நேரம்.

அங்கேயே கவர்ட் குலச் சங்கம் உதயமானது. தலைவர் கில்பர்ட். செயலாளர் எனிட். இரண்டும் ஏகமனதாக.

செயலாளர் எழுந்தாள்.

"தலைவர் சொன்ன அந்த ரெண்டு கொத்து குழப்பம் இன்னும் தீரலை. யாராவது வில்ட்ஷயர் போய்ப் பதிவேட்டைப் புரட்டியே ஆகணும். வெயில் இருக்கும்போதே. இல்லன்னா பக்கம் பிரியாதாம். தலைவர் தலைமையகத்தை விட்டு நகரக் கூடாது. அதனால செயலாளரே போறேன். அம்ப்ரோஸ் வீட்டுல ரெண்டு வாரம் தங்கச் சொல்லியிருக்காங்க. ஆத்தங்கரை வீடாம். பேருந்து நாலு மணிக்குக் கிளம்புது."

கைதட்டல்.

"இன்னொண்ணு. என் அக்கா வின்னியோட கேரவன் ஒழுகுது. மூணு மணி ரயில்ல இங்க வர்றா. ரெண்டு வாரமும் தலைவர் கூடவே இருப்பா. தலைவருக்குத் துணை வேணுமில்லையா?"

இன்னும் பெரிய கைதட்டல்.

எனிட் குனிந்து கில்பர்ட்டின் காதில் மட்டும் சொன்னாள்: "ரெஜ் பொண்டாட்டி நல்லவ, கண்ணு. எதையும் மறைக்கத் தெரியாது."

பிறகு நிமிர்ந்து, கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். "யாருக்காவது ஆட்சேபம் இருந்தா, கையைத் தூக்கலாம்."

கூடத்தில் ஒரு கையும் எழவில்லை. கில்பர்ட்டின் உள்ளே ஓநாய்களை விரட்டிய எழுநூறு வருஷத்து மாட்டுக்காரர்கள் எல்லோரும் திரண்டு எழுந்தார்கள். வலது கை மடியிலிருந்து கிளம்பியது. நெஞ்சைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. எனிட் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

கை காதுக்குப் போய், அதைச் சொறிந்துவிட்டு, மடிக்கே திரும்பியது.

"ஆட்சேபம் இல்லை," என்று எழுதிக்கொண்டாள் செயலாளர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்ப்ரோஸ் கிழவர் பெருமூச்சு விட்டார்.

"அரைமணி நேரம் பேசி, நம்ம பேரு மாட்டுக்காரன்தான்னு என்னை முழுசா நம்ப வெச்சிருந்தீங்களே, தலைவரே!"