பதினோராம் கட்டத்தில் ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்களுடைய ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் நலம். உங்கள் நலத்தையும் அத்தானின் முழங்கால் நலத்தையும் விசாரிப்பது மரியாதை என்பதால் இத்துடன் விசாரித்துவிட்டேன். ‘நீங்கள்’ போட்டு எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஏழு வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு அதுதான் பொருத்தம். எங்காவது ‘நீ’ என்று வந்துவிட்டால் அது கைப்பழக்கம், பாசம் அல்ல.

விஷயம் இதுதான். உங்கள் தம்பி மனைவி கருவுற்றிருக்கிறாள். அவளுக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்தெட்டு. சொந்தத்தில் முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். அதற்காக நெகிழ்ந்துவிட வேண்டாம். வரும் வியாழக்கிழமை டாக்டரிடம் சொல்லியாக வேண்டிய ஒரு தகவல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. பிரசவ வார்டில் முப்பது வருடம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில் மட்டுமே இந்தக் கடிதம் உங்களுக்கு வருகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் அந்தப் பரிசோதனைக் குச்சியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, “பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் எதையும் முறைப்படி செய்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். குச்சியைப் பார்ப்பதற்கு முன் அதனுடன் வந்த தாளைப் படித்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல நான்கு பக்கம். நான்காவது பக்கத்தின் கடைசியில், பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் முடிவை ஏற்கக் கூடாது என்று போட்டிருந்தது. நான் படித்து முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அதனால் வெளியே வந்து, “இந்த முடிவு செல்லாது” என்று அறிவித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தாள். இந்த முறை கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே நின்றேன். நாலாவது நிமிடத்தில் இரண்டாவது கோடு வந்தது. எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. குளியலறையில் வாளியைத் தவிர உட்கார எதுவும் இல்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கோடுகள் நாளாக ஆக மங்கிவிடும் என்றும் அந்தத் தாளில் இருந்தது. மங்கக்கூடிய ஆவணத்துக்கு நகல் எடுத்து வைப்பது இருபத்தாறு வருடமாக என் உத்தியோகம். குச்சியை உறையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போய், பதிவறை நகல் இயந்திரத்தில் இரண்டு பிரதி எடுத்து, தேதியும் சுருக்கொப்பமும் போட்டு, என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மூலப் பிரதி இயந்திரத்துக்குள்ளேயே இருப்பது நினைவுக்கு வந்தது. எழுந்திருப்பதற்குள் எங்கள் பிரிவில் ‘ஒலிபெருக்கி’ என்று பெயர் வாங்கிய மனிதர், கையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சார், உங்க சாமான் ஒண்ணு மெஷின்ல இருந்துச்சு! ரெண்டு கோடு போட்டிருக்கு! வாழ்த்து சொல்லலாமா, இல்ல இன்னும் ரகசியமா?” என்று கேட்டார். இரண்டு மாடிக்கும் கேட்டது. நேரடிப் போட்டியில் என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவரே எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அவர் கையை நான் ஒன்பது வருடமாகத் தொட்டதில்லை. ஈரமான கை.

அதன்பிறகு மகப்பேறு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்து, முப்பத்தெட்டு நிமிடம் ஒரே இசையைக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் எடுத்தார்.

“யாருக்கு சார் பதிவு?”

“எங்களுக்கு.”

“எங்களுக்குன்னா?”

“என் மனைவிக்கும் எனக்கும்.”

“நீங்க கூட வந்து உக்காந்துக்கலாம் சார். பதிவு அவங்களுக்கு மட்டும்தான். கடைசியா மாதவிலக்கு எந்தத் தேதியில ஆரம்பிச்சுது?”

பிரிவு முழுவதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. “அந்த விவரம் கோப்பைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்” என்றேன், முடிந்தவரை கம்பீரமாக. அந்தப் பெண், “எந்தக் கோப்பு சார்? வீட்டம்மாவைக் கூட்டிட்டு நேர்லயே வந்துடுங்க” என்று வைத்துவிட்டார்.

போனோம். பதிவுக் கவுண்டரில் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். நாங்கள் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, “போலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிச்சாச்சா?” என்றார். இன்னும் இல்லை, நீங்கள் எழுதிக்கொடுத்தால் இன்றே வாங்குகிறேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பக்கத்திலிருந்து, “மூணு மாசமா போட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம், அதாவது கரு உண்டாவதற்கு முன்பிருந்தே, ஒரே வீட்டில், என் கண்ணில் படாமல் ஒரு மாத்திரை டப்பா இருந்திருக்கிறது அக்கா. இனி நமக்குக் குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் முடிவெடுத்திருக்கிறேன்.

அப்புறம் படிவம் கொடுத்தார்கள். அவள் எழுத வந்தாள். ‘நீ அடித்துத் திருத்துவாய், கொடு’ என்று நான் பிடுங்கிக்கொண்டேன். பெயர், வயது, ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை எல்லாம் கறுப்பு மையில், கட்டத்தைத் தாண்டாமல். படிவத்தை வடிவமைத்தவர் முகவரிக்கு விட்ட இடம் போதவில்லை என்பதைக்கூட ஓரத்தில் குறிப்பிட்டேன். பதினோராம் கட்டம்: ‘முன்பு கருவுற்றதுண்டா? எத்தனை முறை?’ அதில் நான் ‘இல்லை’ என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. கை எழுதியது. கண்ணாடிக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, முதல் கர்ப்பம், அவசரமில்லை என்று பொது வரிசையில் ஐந்து வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

பஸ் நிறுத்தம் வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அங்கே வந்து நின்றதும் கேட்டாள்.

“இல்லைன்னு எழுதியிருக்கீங்க.”

“எதை?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. ரெண்டு பேரும் இல்லைன்னு ஆயிடுச்சா?”

ரெண்டு தடவை என்றுகூடச் சொல்லவில்லை அக்கா, ரெண்டு பேர் என்றாள். பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் எங்களைப் பார்த்து, “ஏறுறீங்களா, இல்ல இங்கயே குடியிருக்கீங்களா?” என்று கேட்டபிறகுதான் ஏறினோம்.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தனியாக அந்தக் கவுண்டருக்குப் போனேன். பதிவில் திருத்தம் என்றால் என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். பிறந்த தேதியில் ஒரு எண் மாறியதற்காக ஒரு கிழவரை நான் நான்கு முறை அலைய விட்டிருக்கிறேன். அதனால் உறுதிமொழிப் பத்திரம், இரண்டு சாட்சிக் கையெழுத்து (ஒரு சாட்சி ஒலிபெருக்கி), அவளுடைய ஒப்புதல் கடிதம் எல்லாம் கட்டாக எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடிக்கார அம்மாள் கட்டைத் தொடவே இல்லை. ‘இல்லை’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘2’ என்று போட்டார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார். இதுக்குப் போயி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? உக்காருங்க. தண்ணி குடிங்க.”

அந்த ‘2’ஐப் பார்த்ததும் உள்ளிருந்து ஒரு நர்ஸ் வந்தார். ஐந்து வாரத் தேதியை அடித்துவிட்டு, வரும் வியாழன் காலை பத்து மணி என்று போட்டார். முதல் தடவை பத்தாவது வாரத்தில் கலைந்தது என்றேன், குறித்துக்கொண்டார். இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் என்றதும் பேனாவை நிறுத்தினார். “முதல்ல வலி வந்துச்சா, இல்ல வலியே இல்லாம கர்ப்பப்பை வாய் திறந்துக்கிச்சா? காய்ச்சல் இருந்துச்சா? அதைப் பொறுத்துத்தான் டாக்டர் இந்தத் தடவை தையல் போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. நீங்க கூட இருந்தீங்கல்ல?” இருந்தேன், கதவுக்கு வெளியே என்றேன். “அப்ப பழைய ஃபைலையாவது கொண்டுவாங்க” என்றார்.

அந்த ஃபைல் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் ஆனதால் அன்றைக்குப் பார்த்த ஆஸ்பத்திரியிலும் இருக்காது. வீட்டில் இருந்ததை நான் கிழித்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் விதியை மீறி அழித்த ஒரே ஆவணம் அதுதான். அவளைக் கேட்டால், எதற்குப் பிறகு எது நடந்தது என்று நினைவில்லை, மயக்கம் வந்து வந்து போனது, அண்ணிக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிறாள்.

ஆம், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் நீங்கள் இருந்தீர்கள், நான் இல்லை. ஏன் இல்லை? கதவைத் திறந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “இங்க நின்னு அழாத. வீட்டுக்குப் போயி அவளுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வா, போ” என்று என்னைத் துரத்தியது நீ. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பையைத் திறந்தால் நான் எடுத்து வந்தது மூன்றும் என்னுடைய சட்டைகள். அந்தச் சட்டைக் கதையைச் சித்தி வீட்டில் சொல்லிச் சிரித்தாயாமே? சித்தி எனக்குச் சொன்னாள். என் மனைவியின் பக்கத்தில் நிற்கவேண்டிய நேரத்தில் என்னைத் துணி எடுக்க அனுப்பியதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. இதை இவ்வளவு தெளிவாக எழுதுவதற்கு எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

ஆகவே இத்துடன் ஒரு வினாத்தாள் இணைத்திருக்கிறேன். ஆறு கேள்விகள். ஆம், இல்லை என்று டிக் செய்தால் போதும். கூடுதல் கருத்து எழுத இடம் விடவில்லை, வேண்டுமென்றே. திருப்பி அனுப்ப முகவரி எழுதிய உறையும் வைத்திருக்கிறேன். தொலைபேச வேண்டாம். நேரில் வரவே வேண்டாம். இங்கே எங்களுக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, யாருடைய தயவும் தேவையில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், முழங்காலுக்கும் சேர்த்து. பெரியவள் என்ற முறையில் உங்கள் ஆசியை அவளுக்கு மட்டும் அனுப்பினால் போதும். எனக்கானதைக் கைவசம் வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். வாளியில் உட்கார்ந்த இடத்தில் சிரித்தாள். நீ என்னைத் துரத்திய இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “உங்களை அனுப்பச் சொன்னது அண்ணி இல்ல. நாந்தான்” என்றாள். “வெளிய நின்னு நீங்க அழுதது உள்ள வரைக்கும் கேட்டுது. அதையும் கேட்டுக்கிட்டு என்னால முடியல. எப்படியாவது கொஞ்ச நேரம் அனுப்பிடுங்க அண்ணின்னு நாந்தான் கெஞ்சினேன். நான் சொன்னேன்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்.” ஏழு வருடம் ஆள் மாறிக் கோபப்பட்டிருக்கிறேன் அக்கா. நீயும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் மேல் வைக்க முடியாது, கர்ப்பிணி. சட்டைக் கதை மட்டும் உன் கணக்கில் அப்படியே இருக்கிறது.

அப்புறம் அவள் வினாத்தாளைப் படித்தாள். “ஆறு கேள்வி கேட்டிருக்கீங்க. ஆணா பொண்ணான்னு கேக்கலையே?” என்றாள். உனக்குத் தெரியுமா என்றேன். “அண்ணி கையில ஏந்திக் காட்டினாங்க” என்றாள். அதற்கு மேல் சொல்ல வந்தவளை நான் நிறுத்திவிட்டேன்.

வினாத்தாளைக் கிழித்துவிடு. டிக் எதுவும் வேண்டாம். புதன்கிழமை மாலை வண்டிக்கு வா, ஸ்டேஷனில் நிற்கிறேன். வியாழன் பத்து மணிக்கு டாக்டரிடம் சொல்லவேண்டியதை நீ உன் வாயால் சொல். அதற்கு முன்னால், வரும் வழியில், எனக்கு அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்.