பாராவில் ஒரு மேஜர், மூன்று மைனர்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். சட்டை கொடுத்தால் உள்பக்கத் தையலைப் பார்ப்பேன். விழாவில் பொன்னாடை போர்த்தினால், ஓரம் மடித்திருக்கிற லட்சணத்தைப் பார்ப்பேன். வியாதியெல்லாம் இல்லைங்க, உத்தியோகம். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கியூ.சி. அதாவது, ஒவ்வொரு பீஸாக எடுத்துக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். (சம்பளம் இல்லாமலும் கண்டுபிடிப்பேன் என்பது என் மனைவி திலகாவின் வாக்குமூலம்.)

மகள் யாழினியை எல்.கே.ஜி. சேர்க்கிற நேரம். திலகா ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் உயிரையே வைத்திருந்தாள். காலையில் அந்த ஸ்கூல் வேன் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம், பாப்பா ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருப்பது போலக் கையாட்டுவாள். அங்கே பிள்ளைகளுக்குப் பரீட்சை கிடையாது, பெற்றோருக்குத்தான். "பரீட்சையெல்லாம் இல்லீங்க, சும்மா ஒரு பேச்சுதானுங்க" என்று ஆபீசில் சொன்னார்கள். போய் வந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். இங்கிலீஷில் ஒரு பாரா கொடுத்து, படிக்கச் சொல்லி, கேள்வி கேட்கிறார்களாம்.

திலகா பி.காம். அவளுக்குத் தன்னைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் என்னைப் பற்றி. ராத்திரிச் சோறு முடிந்ததும் எனக்கு வகுப்பு ஆரம்பித்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அதை வைத்து நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"பியூட்டிஃபுல்."

"காலர் ஈஸ் பியூட்டிஃபுல், பட் ஸ்லீவ் ஷார்ட்."

"கரேஜ்."

"கட்டிங் மாஸ்டர் ஹேஸ் நோ கரேஜ் டு அக்செப்ட் மிஸ்டேக்."

"ஏனுங்க, கம்பெனியை விட்டு வெளியவே வரமாட்டீங்களா?"

"வார்த்தை சரியா வந்துச்சா இல்லியா, அம்மிணி?"

வந்திருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம்.

பாரா பயிற்சி அதைவிட மோசம். யானையைப் பற்றி ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்து கொடுத்தாள். படித்தேன்.

"என்ன புரிஞ்சுதுங்க?"

"மூணாவது வரி கொஞ்சம் ஏறி நிக்குது."

"யானைக்கு என்னாச்சுங்க?"

"எந்த யானை?"

ஆனாலும் அவள் விடவில்லை. நானும் மெல்ல மெல்லத் தேறினேன். மழைக்காடு, தேனீ என்று எதைக் கொடுத்தாலும் பதில் சொன்னேன். ஒருநாள் திலகாவே "பரவால்லீங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேர்காணல் நாளும் வந்தது. பிரின்சிபால் மேடம் நல்ல மனுஷி, சிரித்த முகம். பாப்பாவிடம் பேர் கேட்டார், அவள் சொன்னாள். திலகா தன் பாராவைப் படித்து, கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லி முடித்தாள். அப்புறம் ஒரு தாள் என் பக்கம் நகர்ந்து வந்தது.

"ப்ளீஸ் ரீட். டேக் யுவர் டைம்."

எனக்கு டைம் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு.

வாங்கின கை தானாகத் தாளைத் திருப்பியது. பின்பக்கம் சுத்தம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இடப்பக்க மார்ஜின் கீழே போகப் போகச் சாய்கிற மாதிரி இருந்தது. சந்தேகத்தை அப்படியே விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேன்ட் பாக்கெட்டிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். (அங்கே எதற்கு டேப் என்று கேட்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பினால் சாவி, பர்ஸோடு அதுவும் உள்ளே போய்விடும்.) டேப்பைக் கண்டதும் யாழினி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அது அவள் வேலை. மேஜைக்கு அடியில் திலகாவின் செருப்பு என் காலை மிதி மிதியென்று மிதித்தது. எனக்கு உறைக்கவே இல்லை.

"சோ, வாட் டூ யூ திங்க்?" என்றார் மேடம்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம், சரக்கு வாங்க வருகிற பையர் முன்னால் சொல்லிப் பழகிய பாஷை, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் இங்கிலீஷ் பேசியதே இல்லை.

"ஒன் மேஜர், த்ரீ மைனர், மேடம்." பெரிய குறை ஒன்று, சின்னக் குறை மூன்று என்று அர்த்தம். "மார்ஜின் அவுட். பிரிண்டிங் ஸ்மட்ஜ். லைன் கேப் அன்ஈவன். எட்ஜ் கட்டிங் நாட் ஸ்ட்ரெய்ட். ஃபெயில்."

மேடம் எட்டித் தாளைப் பார்த்தார்.

"ஐ மீன்... வாட் டிட் த ஃபார்மர் டூ?"

பாராவுக்குள் ஒரு விவசாயி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஃபார்மர் ஓகே மேடம். பேப்பர் நாட் ஓகே. இத டைப் பண்ணுனது யாருங்க மேடம்?"

"நானுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், அதன் மறுமுனையில் நின்ற என் மகளைப் பார்த்தார்.

"எங்கீங்க வேலை?"

"எக்ஸ்போர்ட்ல கியூ.சி.ங்க."

"தெரியுதுங்க."

இடம் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு இடங்கள் நிரம்பிவிட்டதாக மரியாதையாக ஒரு மெசேஜ் வந்தது. அதைப் படித்துவிட்டு திலகா அழுதாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் காலையில் வேன் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு வரி படிக்கத் துப்பில்லாமல் பிள்ளையின் இடத்தைத் தொலைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

யாழினி இப்போது வேறொரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு. நன்றாகவே படிக்கிறாள். திலகாவும் எப்போதோ அதை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்ததோடு நிற்காமல் சொந்தபந்தம் பூராவும் சொல்லிவிட்டாள். அங்கேதான் வினை.

போன வருஷம் என் கொழுந்தியாளுக்கு வெள்ளகோவிலில் மாப்பிள்ளை பார்த்தார்கள். வண்டி பேசிக் குடும்பமே கிளம்பியது. நானும் வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமியார் குரலில் அப்படி ஒரு குழைவு.

"மாப்ள, ஊடு பூட்டிக் கெடந்தா நல்லாருக்காதுங்க. நீங்க இருந்து பாத்துக்கறீங்களா?"

நிச்சயதார்த்தத்தன்றைக்கு, பழம் வாங்கி வரச் சொல்லி என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். கல்யாணத்தன்றைக்குப் பந்தியைக் கவனிக்கச் சொல்லிவிட்டார்கள். வாழை இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கெட்டிமேளம் கேட்டது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகு மாமியார் ஆள் அனுப்பி என்னை மணமேடைக்கு வரவழைத்தார். புது மாப்பிள்ளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இப்பப் பாத்துச் சொல்லுங்க மாப்ள," என்றார் வாயெல்லாம் பல்லாக, "சின்ன மாப்ள எப்படியிருக்காரு?"