கனடாவுக்குப் போன கடல் எச்சரிக்கை

தீவகத்திலேயே சொந்தப் புத்தி துளியும் இல்லாமல், கணினியை மட்டும் நம்பி உயிர்வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் 'சிஸ்டம்'தான். எங்கள் பிரதேச செயலகக் கந்தோரில், புயல் வெள்ளம் பார்க்கும் அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பொறுப்பாக வந்தவர். தாய் தகப்பன் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

வெளியே மழை கொட்டும். சன்னலைத் திறந்து பார்க்க மாட்டார். "சிஸ்டத்தில மழை இல்லை" என்பார். கூரை ஒழுகி அவர் தலையிலேயே சொட்டியபோது கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஒருமுறை ஓர் ஆடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன்.

"விழுந்தவற்ற அடையாள அட்டை நம்பர்?"

"சேர், அது ஆடு."

"ஆடெண்டாலும் சிஸ்டம் கேக்குது. நம்பர் இல்லாமல் பதியேலாது."

புயல் எச்சரிக்கை அனுப்பத் தொலைபேசி இலக்கம் வேண்டும் என்று இறுப்பிட்டியில் வீடு வீடாகப் போனார். போனவர் கேட்ட கேள்வி, "வீடு ஆற்ற?" எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் உள்ளே இருப்பவரின் பெயரா வரும், சொந்தக்காரரின் பெயரல்லவா வரும்? கனடா மகன், பாரிஸ் மருமகன் என்று எல்லாரும் பெருமையாக வெளிநாட்டு நம்பரையே கொடுத்தார்கள். இந்த மேதையும் அப்படியே பதிந்துகொண்டு வந்தார்.

புயல் வந்தது. எங்கள் சிஸ்டம் கணினியில் எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினார். இறுப்பிட்டியில் ஒரு போனும் அடிக்கவில்லை. ரொறன்ரோவில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள்.

என் அக்கா இறுப்பிட்டியில் கடற்கரையோர வீட்டில் தனியே இருந்தாள். முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போய்க் கெஞ்சினேன்.

"கடல் எனக்குப் புதிசே? நான் வரேல்லை, நீ போ."

அப்போது அவளுடைய போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து மகன். தன் கலியாணத்தில் வந்த சண்டையில் கோபித்துக்கொண்டு வருடக்கணக்காகப் பேசாதவன். கோபம் இருந்தாலும் வீடு அவன் பெயரில்தான் இருந்தது; அக்கா சிஸ்டத்திடம் கொடுத்திருந்ததும் அவன் நம்பரைத்தான்.

"அம்மா, கடல் வருதாம். வெளிக்கிடுங்கோ" என்று அழுதான். அக்கா மறுபேச்சில்லாமல் செருப்பைத் தேடினாள். அன்று பின்னேரம் அந்த வீட்டில் சன்னல் வரைக்கும் தண்ணீர் நின்றது.

அடுத்த வாரம் கந்தோரே சிரிக்க, சிஸ்டம் தலையைக் குனிந்தபடி நம்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அக்கா வந்து அவர் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, என்ர நம்பரைப் போடாதையும். அவன்ரயே கிடக்கட்டும். அடுத்த புயலுக்கும் எனக்கு எடுப்பானெல்லே."

"அது பிழையான பதிவு அக்கா."

அக்கா நகரவில்லை. அவர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"சரி, கிடக்கட்டும். புயலெண்டால் உங்களுக்கு நான் நேரில வந்து சொல்லுறன்."

அந்த ஒரு பிழை இன்றும் திருத்தப்படாமல் இருக்கிறது. அந்த மடையனை எனக்கு மிகவும் பிடிக்கும்.